ஒரு முழம் வெள்ளைத் துணி

மதுரையிலிருந்து தென்காசி செல்லும் நெடுஞ்சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும். முன்னதைச் சொன்னால் ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும், பின்னதைச் சொன்னால் நூற்பாலைகளும் மாம்பழமும் நினைவுக்கு வரும். மதரஸா விடுமுறையில், உறவினர் இல்லத்தில் பிறந்த குழந்தையைக் காண அண்மையில் இவ்விரு ஊர்களுக்கும் சென்றுவந்தேன். திரும்பிய பின் என் நெஞ்சில் நின்றதோ ஒரு முழம் வெள்ளைத் துணி!

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் முதலிய ஊர்களில் நுழைந்தால் விசைத்தறிகளின் ஓசை நம்மை வரவேற்கும். இங்கே பெரிதும் நெய்யப்படுவது காயங்களுக்குக் கட்டும் மருத்துவத் துணி. இழைகளை இடைவெளிவிட்டு நெய்து, எண்ணெய்ப் பசை நீங்க வெளுத்து, உலர்த்தி, அளவாக வெட்டிச் சுருட்டுகிறார்கள். இரத்தத்தை விரைந்து உறிஞ்சும் இத்துணி, கிருமி நீக்கப்பட்ட பின் நாட்டின் பல பாகங்களிலும் உள்ள பிரசவ அறைகளைச் சென்றடைகிறது.

பேறுகாலத்தில் தூய்மையின் அருமையை உலகம் மிகத் தாமதமாகவே உணர்ந்தது. வியன்னா நகரின் பெரிய மருத்துவமனையில், பிணங்களை ஆராய்ந்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்த்து வந்தார்கள். 1846ஆம் ஆண்டில் அவர்களது பிரிவில் நூற்றுக்கு 11 தாய்மார்கள் மாண்டனர். 1847இல் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், குளோரின் கலந்த நீரில் கைகளைக் கழுவிய பின்பே தாய்மாரைத் தொட வேண்டுமென விதித்தார். மறு ஆண்டில் மரணம் நூற்றுக்கு 2 என்ற அளவுக்கும் கீழே இறங்கியது. நம் வீடுகளிலோ மருத்துவச்சியின் கைத்திறனை மட்டுமே நம்பியிருந்தோம். திறமைக்குக் குறைவில்லை, ஆனால் கிருமி என்றொன்று உண்டென்று அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. பழந்துணி வழியாகவும், தொப்புள்கொடியை அறுத்த கத்தி வழியாகவும் ரணஜன்னி நுழைந்தது. தடுப்பூசியாலும் தூய்மையான பிரசவத்தாலும் பிரசவம்சார் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதென 2015இல்தான் உறுதி செய்யப்பட்டது.

இராஜபாளையத்திலிருந்து பேருந்தேறி ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றேன். எங்கள் நன்னிமா வாழ்ந்த ஊர் அது. அங்கே இறங்கும்போதெல்லாம் அவர் சொன்ன ஒரு செய்தி என்னை வாட்டும். 1950களில் ஓர் இரவு, அவருடைய தங்கைக்குக் குழந்தை பிறந்தபின் இரத்தப்போக்கு நிற்கவில்லை. “ஆண் டாக்டரை எப்படி வீட்டுக்குள் அழைப்பது? விடியட்டும், லேடி டாக்டரைப் பார்க்கலாம்” என்றார்கள் பெரியவர்கள். விடிந்தது, தங்கை இல்லை. அவர்களில் எவரும் பாசமற்றவர் அல்லர். மானத்தைக் காப்பதாக எண்ணி உயிரைக் கைவிட்டார்கள்.

இந்தத் தயக்கத்துக்கு அதற்கு வெகுகாலம் முன்பே சென்னையில் விடை கண்டிருந்தார் ஒரு பெண்மணி. அவர் மேரி ஷார்லீப். பிரசவ வேதனையில் மருத்துவ உதவியின்றித் தவித்த இந்தியப் பெண்களைக் கண்டு மனம் நொந்த அவர், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்தார். பின்னர் இலண்டனிலும் பயின்று திரும்பி, 1885இல் கோஷாப் பெண்களுக்கென்றே சென்னையில் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்குவது அதுவே. ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றால்தான் முதியவர்களுக்குப் புரியும். “கோஷாவை விடுங்கள், வைத்தியம் செய்கிறேன்” என்று அவர் நிபந்தனை விதிக்கவில்லை. நாணத்தை மதித்தே உயிரைக் காக்க வழி கண்டார்.

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. 2008 முதல் 108 ஊர்தி தமிழகத்தில் ஓடுகிறது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன. 2018–20 கணக்கின்படி, ஒரு லட்சம் குழந்தைகள் பிறக்கையில் இந்தியாவில் 97 தாய்மார் இறந்தனர். தமிழகத்தில் 54 பேர். குறைவுதான். ஆயினும் அந்த 54 வீடுகளில் தாயில்லாப் பிள்ளைகள் அழுதிருக்குமே!

சகோதரர்களே! உயிருக்கு ஆபத்தான வேளையில் ஆண் மருத்துவரின் உதவியை நாட மார்க்கம் இடம் தந்திருக்கிறது. அறிஞர்கள் அதைத் தெளிவாக்கியும் உள்ளனர். பெண் மருத்துவர்தான் வேண்டுமென விரும்புவோர், நம் பெண்மக்களை மருத்துவத்துக்கும் செவிலியப் பணிக்கும் படிக்க அனுப்புவதே முறை. படிக்கவும் விடமாட்டோம், பிரசவத்துக்குப் பெண் மருத்துவரே வேண்டும் என்றால், அவர் எங்கிருந்து வருவார்?

நான் காணச் சென்ற குழந்தை அரசு மருத்துவமனையில் பிறந்தது. வலி எடுத்தது நள்ளிரவில். விடியட்டும் என்று அந்த வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. தாயும் சேயும் நலம், அல்ஹம்துலில்லாஹ்! நன்னிமா இருந்திருந்தால் அந்தப் பிஞ்சுக் கையைப் பற்றிக்கொண்டு தம் தங்கையை நினைத்திருப்பார்.