மண் வேண்டாத வேர்

'தொற்றுத் தாவரத்திற்கு எடுத்துக்காட்டு தருக.' 'வாண்டா.' பள்ளிநாளில் மனனம் செய்த விடை. அதன் தொங்கும் வேர்களைப் போர்த்திய 'வெலாமன்' திசு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதையும் எழுதி முழு மதிப்பெண் பெற்றிருக்கிறேன்.

ஆயினும், ஓரிக்கை வீட்டு முற்றத்தில் அம்மா வளர்த்த வாண்டாவை, அவர் மறைந்த மறுமாதமே செம்மண்ணும் தொழுவுரமும் நிறைத்த தொட்டியில் நட்டவன் நான்தான். மரச்சட்டக் கூடையில் நான்கு கரித்துண்டுகளோடு அது தொங்கியது பட்டினி கிடப்பதுபோல் தோன்றியது. இரு வேளையும் நீர் ஊற்றினேன்.

சில வாரங்களில் அடியிலைகள் மஞ்சளித்து உதிர்ந்தன, மற்றவை சுருங்கின. தாகம் என்றெண்ணி மேலும் ஊற்றினேன். தாவரவியல் துறை நண்பர் ஒருவர் வந்து தொட்டியைக் கவிழ்த்தார். விரல் பட்டதும் வேர்களின் தோல் கழன்று நார் மட்டும் மிஞ்சியது. "தண்ணீருக்குள் இருந்துகொண்டே தாகத்தில் சாகிறது, சார்" என்றார். காற்றில்லாமல் அழுகிய வேர் நீரை உறிஞ்சாது.

கத்தியை நெருப்பில் காட்டி அழுகியவற்றை வெட்டினேன். உறுதியான வேர்கள் மூன்றே எஞ்சின. வெட்டுவாயில் பட்டைத்தூள் தடவி, ஒருநாள் நிழலில் உலர்த்தி, அம்மாவின் பழைய கூடையிலேயே கட்டித் தொங்கவிட்டேன். காலையில், சாம்பல் வெண்மையான வேர் பச்சையாகும்வரை நீர் தெளிக்கவேண்டும்; இரவுக்குள் அது உலர்ந்துவிட வேண்டும்; குருத்தில் நீர் தேங்கலாகாது. புதுவேர் வரும்வரை உரம் கிடையாது. கோடையில் அருகே ஈரச்சாக்கு ஒன்றையும் தொங்கவிட்டேன்.

'வாண்டா' என்பது வடசொல். 1795இல் வெளியான சர் வில்லியம் ஜோன்ஸின் எழுத்து வழியாகத் தாவரவியலுக்குள் சென்றது. மரத்தின்மேல் வளரும் செடிகளுக்கு வழங்கிய அச்சொல் புல்லுருவியையும் குறித்ததுண்டு. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். வாண்டா மரத்திடம் கேட்பது இடம் மட்டுமே.

எங்கள் ஊர்ப்பெயருக்கும் ஒரு கதை உண்டு. மன்னன் கணிகண்ணனை நாடுகடத்த, திருமழிசையாழ்வாரும் உடன் கிளம்ப, பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தாராம். அவர்கள் ஓரிரவு தங்கிய 'ஓரிரவிருக்கை'யே ஓரிக்கை ஆயிற்று என்பர். சுருட்டிக்கொண்டு கிளம்பக்கூடிய அளவே உடைமை. கூடையைப் பார்க்கும்போதெல்லாம் இக்கதை நினைவுக்கு வருகிறது.

அம்மா தாவரவியல் படித்தவரல்லர். காலையில் வாசல் தெளித்த கையோடு அதன்மேலும் நீர் தெளிப்பார்; பிறகு அதன் பக்கமே போகமாட்டார். அவரது அக்கறையின்மை என்று நான் எண்ணியிருந்தது அது.

நான்காம் மாதம், தண்டின் நடுவில் பச்சை நுனியோடு ஒரு வேர் எட்டிப்பார்த்தது. இப்போது அது என் சுண்டுவிரல் நீளம். பூக்க எத்தனை காலமாகுமோ? என்ன நிறத்தில் பூக்கும் என்று அம்மாவிடம் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.