கரை கட்டிய காடு

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போய், பெரியமுதலியார்சாவடியில் இடது பக்கம் திரும்பியதும் சாலை மெல்ல மேலேறத் தொடங்குகிறது. காரில் போகிறவர்களுக்கு இது தெரியாது; சைக்கிளில் போகிறவரின் முழங்காலுக்குத் தெரியும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர் உயரமுள்ள செம்மண் மேடு அது. குயிலாப்பாளையம் கடைத்தெருவைத் தாண்டியதும் இரு பக்கமும் மரங்கள் அடர்கின்றன. ஆரோவிலுக்கு வரும் பெரும்பாலானோர் இந்த நிழல் வழியே நேராக மாத்ரிமந்திரின் தங்க உருண்டையைப் பார்க்கப் போகிறார்கள். தூரத்திலிருந்து ஒரு புகைப்படம், பிறகு ஒரு காபி, அதோடு பயணம் முடிகிறது.

தார்ச்சாலையை விட்டு விலகி, காட்டுக்குள் போகும் சைக்கிள் தடம் ஒன்றில் கால் மணி நேரம் மிதித்தால் இன்னொரு ஆரோவில் கண்ணில் படும். மரங்களுக்கிடையே முழங்கால் உயரத்தில், சில இடங்களில் இடுப்பு உயரத்தில், வளைந்து வளைந்து போகும் மண் கரைகள். புல் மூடி, வேர் ஓடி, இயற்கையாகவே அமைந்த மேடுபோலத் தோன்றும். அவை ஒவ்வொரு சட்டியாக மண் சுமந்து கட்டப்பட்டவை.

1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டு இந்த நகரத்தைத் தொடங்கியபோது, இங்கே நிழல் தரத்தக்கதாக இருந்தவை ஒரு பெரிய ஆலமரமும், ஆங்காங்கே பனைகளும்தான். அக்காலப் புகைப்படங்களில் பொட்டல் செம்மண்ணும், அதைக் கத்தியால் கீறியதுபோன்ற ஓடைப் பள்ளங்களும் தெரிகின்றன. வடகிழக்குப் பருவமழை இங்கே தூறிக்கொண்டிருக்காது, கொட்டும். ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் சுமார் 1,200 மி.மீ. மழையில் பெரும்பகுதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையே சில பேய்மழை நாட்களில் வந்துவிடுகிறது. பிடித்துவைக்க வேரும் இல்லை, தடுத்துநிறுத்த வரப்பும் இல்லை. மேல்மண் கரைந்து, பள்ளங்கள் வழியே இறங்கி, ஒவ்வொரு மழைக்கும் வங்கக் கடலைச் சிவப்பாக்கியது.

இந்த நிலம் பாழானதற்கு ஊரில் வேறொரு காரணம் சொல்வார்கள். அருகிலுள்ள இரும்பையில் மாகாளேசுவரர் கோயில் இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம். அங்கே தவமிருந்த கடுவெளிச் சித்தர், தம்மை அவமதித்த அரசனின் நாட்டைச் சபித்தார், மழை பொய்த்தது, தொலைதூர மக்கள் வந்து இந்த மண்ணைப் பசுமையாக்குவார்கள் என்று பிறகு மனமிரங்கினார் என்பது கதை. கதையின் பின்பாதி எப்போது சேர்ந்தது என்று ஆராய்வது தமிழாசிரியர்கள் வேலை. ஆரோவில்வாசிகளுக்கு அது மிகவும் பிடித்த கதை என்பது மட்டும் உறுதி.

வந்தவர்கள் முதலில் மரம் நட்டார்கள். நட்டால் மட்டும் போதாது, நீரை நிறுத்தாமல் கன்று நிற்காது என்பது விரைவிலேயே புரிந்தது. அதனால் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள். அரசனை வாழ்த்த அழைத்தபோது வரப்பிலிருந்து தொடங்கிய ஔவையின் ஊரில் இது புதிய தத்துவம் அல்லதான். ஆனால் வயல் வரப்பு வேறு, சரிவில் கட்டும் கரை வேறு.

சரிவுக் கரையின் சூட்சுமம் மட்டத்தில் இருக்கிறது. கரை சமவுயரக் கோட்டின்மேல் ஓட வேண்டும். ஒரு முனை சாணளவு தாழ்ந்தாலும் தேங்கிய நீர் அத்தனையும் அங்கே ஓடிக்கூடி உடைத்துக்கொண்டு போகும். மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் நிரப்பிய டியூப் போதும். அல்லது மூன்று குச்சிகளை ஆங்கில ஏ எழுத்துபோலக் கட்டி, நடுவில் கல்லைத் தொங்கவிட்டால் போதும். கோடு குறித்ததும், மேல்பக்கம் பள்ளம் தோண்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் போட்டுக் கரையாக்குகிறார்கள். பள்ளம் நீரைத் தேக்குகிறது, கரை அதைத் தாங்குகிறது. தளர்ந்த மண் செங்குத்தாக நிற்காது என்பதால் ஓரடி உயரத்துக்கு ஒன்றரை அடியாவது பக்கச்சரிவு விட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டாமல் ஓர் அடுக்கு போட்டு, நீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, பிறகு அடுத்த அடுக்கு. அப்படியும் முதல் மழையில் கரை கொஞ்சம் அமுங்கும். அதற்காகவே தேவையைவிடச் சற்று உயர்த்திக் கட்டுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் உழைப்பின் அளவு புரியும். ஒரு மீட்டர் உயரம், மேலே அரை மீட்டர் அகலம், அடியில் மூன்றரை மீட்டர் அகலம் உள்ள கரையை நூறு மீட்டர் நீளத்துக்கு எழுப்ப 200 கன மீட்டர் மண் வேண்டும். ஓர் இரும்புச் சட்டிக்கு 15 லிட்டர் என்று வைத்தால் பதின்மூன்றாயிரம் சட்டிக்கு மேல். இன்று இதை ஜேசிபி ஓரிரு நாளில் முடித்துவிடும். முதல் ஆண்டுகளில் இதைச் சுமந்த தலைகளில் பல இடையஞ்சாவடி, குயிலாப்பாளையம், ஆலங்குப்பம், கோட்டக்கரை ஆகிய சுற்றுக் கிராமங்களைச் சேர்ந்தவை. பாதிக்குமேல் பெண்கள் இருந்த மண் வேலைக் கூட்டங்களை நம் மாவட்டங்களில் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விவரிக்கத் தேவையில்லை. ஆரோவிலின் காடு பற்றி வரும் நூல்களும் படங்களும் கடல் கடந்து வந்தவர்களின் கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகின்றன. கூலிக்குச் சுமந்தவர்கள் அதில் கூட்டமாக மட்டுமே வருகிறார்கள். இது எனக்கு உறுத்துகிறது.

கரை நின்றதும் மரம் நின்றது. வறண்ட மண்ணிலும் விறுவிறுவென வளரும் ஆஸ்திரேலிய அகேசியா வகை ஒன்றை நிறைய நட்டார்கள். அதை ‘வொர்க் ட்ரீ’ என்றே அழைத்தார்கள். அதன் நிழலில், இந்தக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்கள் மெல்லத் தலையெடுத்தன. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கரை கடந்தபோது அகேசியாக்கள் ஏராளமாகச் சாய்ந்தன. சொந்த மண்ணின் மரங்கள் பரவாயில்லாமல் தாக்குப்பிடித்தன. வேலைக்காரர் போய் வீட்டுக்காரர் வந்ததுபோல என்று சொல்லலாம்.

சைக்கிளுக்கு வருகிறேன். காட்டுத் தடங்களில் சைக்கிள் ஓட்டுபவருக்கும் கரைக்கும் உள்ள உறவு விசித்திரமானது. மலைத் தடங்களுக்கென்றே சைக்கிள் பாதை அமைக்கும் நாடுகளில், வளைவின் வெளிப்புறத்தை மண் கொட்டி உயர்த்துவார்கள். ‘பெர்ம்’ என்பது அதன் பெயர். சக்கரம் அந்தச் சாய்வில் ஏறி, பிரேக் பிடிக்காமலேயே திரும்பிவிடும். பிரேக் பிடித்துச் சறுக்கும் சக்கரம்தான் மண்ணை அரிக்கிறது என்பதால் சவாரிக்குச் சுகமான இந்த மேடு தடத்துக்கும் பாதுகாப்பு. ஆனால் உயர்த்திய வளைவின் உள்மடியில் நீர் தேங்கும். அதை வெளியேற்ற வழி வைக்காவிட்டால் அடுத்த மழையில் தடமே ஓடையாகும். பாதையின் ஏற்றம் அது போகும் சரிவின் ஏற்றத்தில் பாதிக்குமேல் இருக்கக்கூடாது என்பது அவர்கள் விதி. மீறினால் நீர் பாதையைக் குறுக்கே கடக்காமல் பாதையோடு சேர்ந்தே இறங்கும். அந்தக் கட்டட விதியும் நம் ஏரிக்கரைக்காரர்களின் விதியும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன: நீர் எங்கே போகும் என்று முதலில் கேள், பிறகு மண்ணைத் தொடு.

ஆரோவில் தடங்களில் இந்தப் பாடம் தினமும் சோதிக்கப்படுகிறது. குறுக்கு வழி தேடும் சைக்கிள் கரையின் மேல் ஏறி இறங்குகிறது. அடுத்து மோட்டார் சைக்கிள், அதற்கடுத்து மாடு. நாளடைவில் கரையின் முதுகு அந்த இடத்தில் ஒரு சாண் தேய்கிறது. வெள்ளம் வரும் இரவில் நீர் தேடிப்பிடிப்பது அந்த ஒரு சாணைத்தான். பெருச்சாளி வளையும் அப்படியே. முறையான கலிங்கு அமைத்து, அதில் கருங்கல் பாவி, மிகை நீரை இறங்கவிட்ட கரைகள் பல மழைகளைத் தாண்டுகின்றன. கலிங்கை ஒரு கிளை அடைத்துக்கொண்டாலே கரைக்கு ஆயுள் ஓர் இரவுதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் வந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. ஓர் ஏக்கரில் மட்டும் 18 லட்சம் லிட்டருக்கு மேல் விழுந்த கணக்கு அது. எந்த வரப்பும் இத்தனையையும் குடித்துவிடாது. ஆனால் கரை, நீரை நிறுத்துவதைவிட மெதுவாக்குவதையே பெரிய வேலையாகச் செய்கிறது. மெதுவாகும் நீர் மண்ணை இறக்கிவைத்துவிட்டு நிலத்துக்குள் போகிறது. கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறிவரும் இந்தப் பகுதியில் அந்தத் துளிகளின் விலை பொம்மையார்பாளையத்து வீடுகளுக்குத் தெரியும்.

இந்தப் பின்னணியில்தான் 2021 டிசம்பரில் காட்டுக்குள் வந்த ஜேசிபிகளைப் பார்க்க வேண்டும். 50,000 பேருக்கான நகரத் திட்டத்தில் வரும் ‘கிரவுன்’ என்னும் வட்டச் சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டன. ஆரோவில்வாசிகளில் ஒரு பகுதியினர் எதிர்த்து நின்றனர். 2022 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதி பெறும்வரை கட்டுமானத்துக்குத் தடை போட்டது; 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நகரம் வேண்டும் என்பவர்களிடமும் நியாயம் உண்டு; 1968இல் வந்தவர்கள் காட்டுக்காக மட்டும் வரவில்லை, நகரம் கட்ட வந்தார்கள். மனிதர் வரைந்த வட்டம் காம்பஸின் வட்டம். மண்ணின் சமவுயரக் கோடு அதற்குப் பணிந்து ஓடுவதில்லை. சாலை, கரையைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் அடியில் குழாய் வைத்து, சரியான மட்டத்தில் நீர்வழி விட்டால் வட்டமும் வாழும், வரப்பும் வாழும். அதற்கு வரைபடத்தோடு டியூப் மட்டத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

போக விரும்புகிறவர்கள் பிப்ரவரியில் போகலாம். வெயில் தணிந்திருக்கும், பருவமழை விட்டுச்சென்ற ஈரமும் மிச்சமிருக்கும். குயிலாப்பாளையத்தில் வாடகைக்கு சைக்கிள் கிடைக்கிறது. தடம் ஒரு கரையைக் கடக்கும் இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டுங்கள்.