ஆச்சியும் மலைப்பாம்பும்

உடன்குடி ஆச்சி கருப்பட்டியும் கண்புரையுமாகச் சென்னைக்கு வந்தாள். ஆபரேஷன் என்றாலே வாய்க்குப் பூட்டு! மாறுதலுக்காகக் கிண்டி பாம்புப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன்.

கிழட்டு மலைப்பாம்பு ஒன்றின் கண்ணில் பால் படிந்திருந்தது. "பாவம், இதுக்கும் புரையா?"

"இல்லை, பாட்டி. சட்டை உரிக்கப் போகிறது" என்றார் ஊழியர். "பாம்புக்கு இமை இல்லை, கண்மேல் கண்ணாடிச் செதில்தான். அதுவும் சட்டையோடு கழன்றுவிடும். சில சமயம் ஒட்டிக்கொள்ளும், ஈரத்தில் ஊறவைக்கவேண்டும். பிய்த்தால் கண்ணுக்கே ஆபத்து!"

"அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில், அறுபது தாண்டிய மலைப்பாம்பு 2020-ல் முட்டையிட்டது, ஆச்சி!" என்றேன்.

"பேறுகாலம் பார்த்தது யாராம்?"

திரும்பும்போது பஸ்ஸில் ஆச்சி பேசவே இல்லை. சைதாப்பேட்டை தாண்டியதும் என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, நமக்குத் தானாக் கழலாதுல்லா? அந்த டாக்டர்கிட்ட தேதி கேளு."