வரியில் பிடித்ததும் வட்டியில் போனதும்

மதுரையில சின்னதா ஒரு அச்சகம் வச்சிருக்கேன். வாடகைக்கு விடலாம்னு ஒரு வீட்டைப் பார்த்து வங்கிக் கடனுக்குப் போனேன். சம்பள ஸ்லிப் இல்லாததால மூணு வருஷ வருமான வரி ரிட்டர்ன் கேட்டாங்க. வரி மிச்சம்னு நானே குறைச்சுக் காட்டின கணக்கு! கேட்டதில் பாதிதான் கிடைச்சது. மீதிக்குத் தங்கமணியோட நகை அடகுக்குப் போச்சு.

வாடகை 9,000, தவணை 14,000. நடுவுல ரெண்டு மாசம் வீடு காலி. தவணைக்கு ஏது லீவு?

இப்ப வாடகையையும் ஒழுங்கா காட்டுறேன். சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் ரசீதே இல்லாம கழிவு, கடன் வட்டிக்கும் கழிவு உண்டு. அப்புறம் எதுக்கு ஒளிக்கணும்?

சொந்தத் தொழில் மக்களே, கடன் கேட்கிறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே உண்மையைச் சொல்ல ஆரம்பிச்சிடுங்க. நகை இன்னும் திரும்பலை. கல்யாண வீட்டுக்குக் கவரிங் போட்டுக்கிட்டு அவ கிளம்பும்போது, நான் செருப்பு தேடுற மாதிரி குனிஞ்சுக்கிறேன்.