விலை குறைந்தால் நல்லதுதானே?

2016 ஏப்ரல் மாதம் ஜப்பான் டிவியில் ஒரு விளம்பரம் வந்தது. ‘காரிகாரி குன்’ என்ற குச்சி ஐஸைத் தயாரிக்கும் நிறுவனத்தின் தலைவரும் ஊழியர்களும் வரிசையாக நின்று, தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். அப்படி என்ன தப்பு செய்துவிட்டார்கள்? 60 யென்னுக்கு விற்ற ஐஸை 70 யென் ஆக்கிவிட்டார்கள். அதுவும் 25 ஆண்டுகளில் முதல் முறையாக!

மளிகை பில் மாதாமாதம் ஏறுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதைக் கேட்கவே பொறாமையாக இருக்கும். ஆனால், விலை ஏறாத அந்த ஆண்டுகளில் ஜப்பான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதற்குப் பெயர்தான் பணவாட்டம். ஆங்கிலத்தில் டிஃப்ளேஷன்.

தக்காளி வரத்து கூடி விலை சரிந்தால் அது பணவாட்டம் ஆகாது. பணவீக்கம் 6 சதவிகிதத்திலிருந்து 4 சதவிகிதமாகக் குறைந்தாலும் ஆகாது. அப்போதும் விலை ஏறிக்கொண்டுதான் இருக்கும், வேகம்தான் குறைந்திருக்கும். நாட்டிலுள்ள பொருள்கள், சேவைகளின் பொதுவான விலை தொடர்ந்து இறங்கிக்கொண்டே போவதுதான் பணவாட்டம்.

1980-களின் கடைசியில் ஜப்பானில் நிலத்தின் விலையும் பங்குகளின் விலையும் தாறுமாறாக ஏறின. 1989 டிசம்பர் 29 அன்று நிக்கி பங்குக் குறியீடு 38,915 புள்ளிகளில் முடிந்தது. சூட்டைத் தணிக்க, மத்திய வங்கி 2.5 சதவிகிதமாக இருந்த வட்டியை 1990 ஆகஸ்ட்டுக்குள் 6 சதவிகிதமாக உயர்த்தியது. முதலில் பங்குகள் சரிந்தன, பிறகு நிலம். கடன் கொடுத்த வங்கிகள் திணறின. 1990-களின் கடைசியில் கடைச் சாமான்களின் விலையும் இறங்கத் தொடங்கியது. ‘நாட்டில் பணவாட்டம் நிலவுகிறது’ என்று 2001 மார்ச்சில் அரசே ஒப்புக்கொண்டது. 1980-களில் 210 யென்னுக்கு விற்ற மெக்டொனால்ட்ஸ் ஹாம்பர்கர், 2002-ல் 59 யென்னுக்குக் கிடைத்தது.

வாங்குகிறவருக்குக் கொண்டாட்டம்தானே? அங்கேதான் சிக்கல். வாங்குகிறவரும் எங்கோ ஓரிடத்தில் சம்பளம் வாங்குகிறவர்தான். விலையைக் குறைத்தால்தான் சரக்கு போகும் என்றால், முதலாளி முதலில் கைவைப்பது சம்பளத்தில். 1997-ல் உச்சம் தொட்ட சராசரிச் சம்பளம், அதன்பின் ஜப்பானில் இறங்க ஆரம்பித்தது. சம்பளம் குறைந்ததால் செலவைச் சுருக்கினார்கள். விற்பனை குறைந்ததால் கடைக்காரர் விலையை இன்னும் குறைத்தார்.

இதில் குறையாத ஒன்று உண்டு. அது கடன். 3 லட்சம் யென் சம்பளத்தில் 1 லட்சம் யென் வீட்டுக்கடன் தவணை கட்டுகிறவரின் சம்பளம் இரண்டரை லட்சமானாலும், தவணை அதே 1 லட்சம்தான். அவர் அடைக்கிற வீட்டின் மதிப்போ பாதியாகியிருக்கும்.

ஆனால், அதிக அடி வாங்கியவர்கள் கடன் வாங்கக்கூட வயது வராத பிள்ளைகள். ஜப்பானில் பெரிய நிறுவனங்கள், படிப்பை முடித்து வெளியே வருகிறவர்களை ஒவ்வொரு ஏப்ரலிலும் மொத்தமாக வேலைக்கு எடுக்கும். அந்தக் கதவைத் தவறவிட்டால் மறுபடி நுழைவது கடினம். நெருக்கடி வந்தபோது நிறுவனங்கள் பழைய ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பத் தயங்கின. பதிலாக, புதியவர்களை எடுப்பதைக் குறைத்தன. 1990-களின் நடுவிலிருந்து சுமார் 10 ஆண்டுகள் படித்து வெளியே வந்தவர்களை ‘வேலையில்லா உறைபனிக் காலத்துத் தலைமுறை’ என்றே அந்த நாடு அழைக்கிறது. பலருக்கு ஒப்பந்த வேலைதான் கிடைத்தது. சம்பளம் உயரவில்லை, கல்யாணம் தள்ளிப்போனது, சிலருக்கு நடக்கவே இல்லை.

2019-ல் தகராசுகா என்ற நகராட்சி, இந்தத் தலைமுறையினருக்காக மட்டும் 3 வேலைகளை அறிவித்தது. 1,800 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். எடுக்கப்பட்டவர்கள் 4 பேர்.

மத்திய வங்கியும் சும்மா இருக்கவில்லை. 1999-ல் வட்டியைக் கிட்டத்தட்டப் பூஜ்யமாக்கியது. 2013-ல், ‘விலைவாசி ஆண்டுக்கு 2 சதவிகிதம் ஏற வேண்டும்’ என்று இலக்கே வைத்தது. 2016-ல் வட்டியைப் பூஜ்யத்துக்கும் கீழே கொண்டுபோனது. விலை மளமளவென ஏறியது 2022-ல்தான். அதுவும் எண்ணெய், உணவு இறக்குமதிச் செலவு கூடி, யென்னின் மதிப்பும் சரிந்ததால். 2024 பிப்ரவரியில் நிக்கி தன் பழைய உச்சத்தைத் தாண்டியது. மார்ச்சில் மத்திய வங்கி பூஜ்யத்துக்குக் கீழான வட்டியைக் கைவிட்டது.

பங்குச் சந்தை இழந்த உயரத்தை எட்ட 34 ஆண்டுகள் ஆயின. உறைபனிக் காலத்தில் வேலை தேடி அலைந்தவர்களில் மூத்தவர்கள் இப்போது 50 வயதைத் தாண்டிவிட்டார்கள். பல ஆண்டுகள் குறைந்த சம்பளத்தில் கழிந்ததால், அவர்களில் பலருக்கு வரப்போகும் ஓய்வூதியமும் குறைவாகவே இருக்கும்.