அசதி என்னும் சொல்

நெடுநாள் நோயாளியின் வீட்டில் எதற்கும் விடையாக ஒரு சொல் நிற்கும்: அசதி. எழுந்திருக்க மனமில்லையா? அசதி. பேசப் பிடிக்கவில்லையா? அசதி. அந்தச் சொல்லை நான் எளிதில் நம்புவதை விட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன.

கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமர்ந்திருக்கிறது தைராய்டு சுரப்பி. உடம்பு என்னும் அடுப்பின் தீயைக் கூட்டுவதும் தணிப்பதும் அதன் வேலை. காசநோய் போன்ற நீண்ட தொற்று அந்தத் தீயை இரண்டு வழிகளில் தணிக்கக்கூடும்.

முதல் வழி, உடம்பே செய்துகொள்ளும் சிக்கனம். சுரப்பி தரும் டி4, டி3 ஆக மாறினால்தான் முழு வேகம் பெறும். நோய் கடுமையானால் இம்மாற்றம் குறைகிறது. ஆயினும் சுரப்பிக்குக் கட்டளையிடும் டி.எஸ்.எச். பெரும்பாலும் ஏறுவதில்லை. பஞ்ச காலத்தில் இல்லத்தரசி உலை அரிசியைக் குறைப்பது போன்றது இது. தொற்று தீர்ந்தால் இதுவும் தீரும். இதற்கெனத் தைராய்டு மாத்திரை பொதுவாகத் தேவையில்லை.

இரண்டாவது வழி, மருந்தால் வருவது. 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடையலாம் என்று உலகுக்குக் காட்டியது. அங்கே கொடுத்த மருந்துகளுள் ஒன்று பி.ஏ.எஸ். அதுவும், பின்னால் வந்த எத்தியோனமைடும், கிருமியை ஒடுக்குவதோடு சுரப்பியின் வேலையையும் தடுக்கக்கூடியவை. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து மிகுதி.

என் சிற்றப்பா, வழக்கமான மருந்துக்கு அடங்காத காசநோய்க்காக எத்தியோனமைடு உண்டவர். ஏழாம் மாதம் இருமல் நின்றது, எடை கூடியது. எல்லோரும் மகிழ்ந்தோம். மனிதரோ சோர்ந்து கிடந்தார். கோடையிலும் போர்வை கேட்டார். குரல் கனத்தது. "இனி இந்த மருந்து வேண்டாமடா" என்றார். நிறுத்தியிருந்தால் காசம் மீண்டும் தலைதூக்கியிருக்கும். ஓர் இளம் மருத்துவர் டி.எஸ்.எச். பார்க்கச் சொன்னார், அது பல மடங்கு ஏறியிருந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிறு மாத்திரை தந்தார்கள். இரண்டு மாதத்தில் சிற்றப்பா திண்ணைக்கு வந்து அரசியல் பேசத் தொடங்கினார். காச மருந்தை முழுதும் முடித்தார். பின்னர்ச் சுரப்பியும் தேறியது. சிறு மாத்திரையும் நின்றது.

இன்று ஆறு மாதத்தில் முடியும் புதிய முறை வந்திருக்கிறது; அதில் எத்தியோனமைடு இல்லை. ஆனால் அது பொருந்தாதவர்களுக்கு நீண்ட சிகிச்சையே கதி.

நண்பர்களே, மருந்தைப் பாதியில் விட நினைக்கும் ஒருவர் நம் விடுதியிலும் இருக்கக்கூடும். அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். உடன் சென்று, சுரப்பியையும் ஒருமுறை சோதிக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.