இல்லாத குதிகால்

மூஞ்சிக்கல்லில் சாலையிலிருந்து 23 படி இறங்கினால் சித்தப்பா வீடு. சர்க்கரையால் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தபின் அந்தப் படிகள்தான் அவருக்குப் பெரிய மலை. ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். செயற்கை முழங்கால் சட்டென்று மடங்கிவிடாமல் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பவை பிட்டத் தசையும் மிச்சத் தொடையும்தான். தொடை மெலிந்தால் அதைத் தாங்கும் சாக்கெட்டும் தளர்ந்துவிடும்.

பிசியோதெரபிஸ்ட் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, பிட்டத்திலும் தொடையின் பின்புறத்திலும் பட்டைகளை ஒட்டினார். 10 விநாடி மின்சாரம், 30 விநாடி ஓய்வு. 1780களில் கால்வானி, வெட்டியெடுத்த தவளைக் காலைத் துடிக்கவைத்தார். இங்கே வெட்டிய கால் போய்விட்டது, மிச்சம் துடித்தது.

"மெஷின்தான் வேலை செய்யுதே, நீங்க தூங்குங்க சித்தப்பா" என்றேன். எஞ்சினியர் புத்தி.

"தூங்கிடாதீங்கய்யா. கரண்ட் வர்றப்ப நீங்களும் குதிகாலை மேல தூக்கணும். தசை இழுத்தா மட்டும் போதாது, இழுக்கச் சொல்றது நீங்களா இருக்கணும்."

இல்லாத குதிகாலை. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். தொடை கல்லாக இறுகியது.

"குதிகால் தெரியுதுடா" என்றார், தலையணைக்குள்.

செயற்கைக் கால் வந்தபிறகு ஒருநாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆறு படி இறங்கினார். நான் பின்பக்கமாகவே அவருக்குக் கீழே இறங்கினேன். ஏழாவதில் உட்கார்ந்து பீடி கேட்டார். கொடுக்கவில்லை.